கரை அறையின் ஸ்கானரில் தூரப் படகுகள் கேட்காமல் போனது ஏன்? திருகோணமலையிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

திருகோணமலை நகருக்கு வடக்கே, குடா ஓரத்தில் ஒரு மீனவர் சங்கம். கடற்கரையிலிருந்து ஏறக்குறைய நூறு மீற்றர் உள்ளே தகரக் கூரையிட்ட ஒற்றை அறை. அதில் மேசைமேல் ஒரு ஸ்கானர், அதாவது வானொலி அலைவரிசைகளைக் கேட்கும் கருவி. பேசும் வசதி அதில் இல்லை, கேட்க மட்டுமே முடியும். கடல்சார் வீ.எச்.எப். அலைவரிசை 16, அதாவது 156.800 மெகாஹேர்ட்ஸ், அதில் எந்நேரமும் ஓடும். அவசர அழைப்புக்கும் முதல் அழைப்புக்கும் உலகெங்கும் ஒதுக்கப்பட்ட அலைவரிசை அது. கடலுக்குப் போன பைபர் படகுகளிலிருந்து கைக்கருவியில் யாராவது கூப்பிட்டால் அறையில் இருப்பவர் தொலைபேசியில் படகுச் சொந்தக்காரரான சம்மாட்டிக்கோ கரையோரக் காவலுக்கோ சொல்லிவிடுவார். அந்த அறையின் வேலை அவ்வளவுதான்.

இலங்கையில் வானொலிக் கருவிகளுக்கான உரிம விவகாரம் 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின் கீழ் வருகிறது. சங்கம் தன் கடதாசி வேலைகளை முன்பே முடித்திருந்தது. கடல்சார் அலைவரிசைகளைத் தவிர மற்றவை ஸ்கானரின் நினைவிலிருந்து அழிக்கப்பட்டிருந்தன. கடற்படைத் தளம் உள்ள ஊரில் இதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

முறைப்பாடு ஒன்றுதான். கிட்ட நிற்கும் படகு தெளிவாகக் கேட்கும், எட்டுக் கிலோமீற்றர் தாண்டினால் குரல் உடையும், பொழுதுபட்டால் அதுவும் இல்லை. அறையில் இருந்தவர் சொன்னது: "சத்தம் வருது, சொல்லு விளங்குதில்ல." கோளாறை இதைவிடத் துல்லியமாகச் சொல்ல முடியாது. அலை வந்து சேர்கிறது, ஆனால் இரைச்சலுக்கு மேலே எழவில்லை என்பதே அதன் பொருள்.

முதலில் எடுத்த முடிவு: பூஸ்ரர்

ஆய்வு தொடங்குமுன் சங்கம் தானாகவே ஒரு வழி பார்த்திருந்தது. ரீவிக் கடையில், அலையின் சக்தியை நூறு மடங்காக்கும் 20 டெசிபல் பூஸ்ரர் ஒன்றை வாங்கி ஸ்கானருக்குப் பக்கத்தில், மேசைமேலேயே பொருத்தியது. ஸ்கானரின் அலைமானியில் கோடுகள் உயர்ந்தன. தூரத்துக் குரல் விளங்கவில்லை, முன்பு ஓரளவு கேட்டதும் மங்கியது. 118 முதல் 137 மெகாஹேர்ட்ஸ் வரையான விமான அலைவரிசையைச் சோதனைக்காகக் கையால் தட்டிப் பார்த்தபோது அங்கே சினிமாப் பாட்டு ஓடியது.

பாட்டுக்குக் காரணம் கணக்கில் இருக்கிறது. பூஸ்ரருக்குள் இரண்டு பலத்த எப்.எம். நிலையங்கள் அளவுக்கு மீறி நுழைந்தால் அவை ஒன்றோடொன்று கலந்து, இல்லாத இடத்தில் ஒரு போலி அலையைப் பிறப்பிக்கும். ஒன்று 107, மற்றது 90 மெகாஹேர்ட்ஸ் என்று வைத்துக்கொண்டால், 107ஐ இரட்டித்து 90ஐக் கழிக்க 124. அது விமான அலைவரிசைக்குள் விழுகிறது. அந்நேரம் பூஸ்ரர் திணறிக்கொண்டிருப்பதால் 156இல் வரும் மெல்லிய குரலை அது நசுக்கிவிடும்.

பூஸ்ரர் இருந்த இடமும் பிழை. கேபிள் தின்று முடித்த பிறகு மிஞ்சுவதை அது பெருக்குகிறது, கூடவே இரைச்சலையும் அதே அளவு பெருக்குகிறது. பெருக்கி வைப்பதானால் அன்ரனாவின் காலடியில், கேபிள் தொடங்குமிடத்தில் வைக்க வேண்டும். மேசையில் வைத்தால் மானி மட்டும்தான் ஏறும். பூஸ்ரர் கழற்றப்பட்டது. அதற்குப் பின் எந்தக் கட்டத்திலும் அது தேவைப்படவில்லை.

கூரையில் கண்டவை

ஸ்கானரைத் திறக்கவில்லை. வேறொரு அன்ரனாவோடு அது நன்றாகவே கேட்டது. கருவிக்கு முன்னால் இருந்தவற்றை மேலிருந்து கீழாகப் பார்த்தார்கள்.

கூரையில், ஏறக்குறைய 5 மீற்றர் உயரத்தில், பழைய ரீவி அன்ரனா. அதன் அலுமினியக் குச்சிகள் கிடையாக இருந்தன. படகில் கைக்கருவியை நிமிர்த்திப் பிடித்துத்தான் பேசுவார்கள், அலை நிமிர்ந்து வருகிறது. நிமிர்ந்த அலையைக் கிடை அன்ரனாவில் பிடித்தால் ஏட்டுக்கணக்கில் 20 டெசிபலோ அதற்கு மேலோ இழப்பு. கடல்பரப்பிலும் கட்டடங்களிலும் பட்டுத் தெறிப்பதால் உண்மையில் அவ்வளவு போகாது, ஆனால் போவது சிறிதல்ல. காகம் உட்கார்ந்து உட்கார்ந்து, குச்சிகளில் இரண்டு தொங்கிக்கொண்டிருந்தன.

அடுத்து, அதே கேபிளில் ரீவிக்கும் ஸ்கானருக்கும் பிரிக்கும் ஸ்பிளிற்றர். இரண்டாகப் பிரிக்கும் எந்த ஸ்பிளிற்றரும் ஒவ்வொரு பக்கத்திலும் 3.5 டெசிபல் வரை தின்னும். அந்த ரீவி பழுதாகி நெடுங்காலம். யாரும் பார்க்காத ரீவிக்காகப் பாதிச் சக்தி போய்க்கொண்டிருந்தது.

பிறகு கேபிள். மெல்லிய ஆர்.ஜி. 58, சுவரைச் சுற்றி ரீவி இருந்த மூலை வழியாக வந்து 32 மீற்றர். இந்த வகை 150 மெகாஹேர்ட்ஸ் அருகே 100 மீற்றருக்கு ஏறத்தாழ 20 டெசிபல் இழக்கும். 32 மீற்றருக்கு 6.4. அன்ரனா பிடித்ததில் நாலில் ஒரு பங்குகூட ஸ்கானருக்கு வந்து சேரவில்லை.

இந்தக் கணக்கெல்லாம் புதிய கேபிளுக்கு. மேல்முனைக் கொனெக்ரரை வெட்டிப் பிரித்தபோது, நடுக்கம்பியைச் சுற்றியுள்ள பின்னல் கம்பி செம்பு நிறத்தில் இல்லை, கறுத்தும் பச்சை பூத்தும் கிடந்தது. உறையைக் கீறிக்கொண்டே போனார்கள். ஒரு சாணில் முடியும் என்று நினைத்தது, ஒரு முழம் தாண்டியும் கறுப்பாகவே இருந்தது. கடல்காற்றின் உப்பும் மழைநீரும் விளக்குத்திரியில் எண்ணெய் ஏறுவதுபோலப் பின்னலுக்குள் ஊர்ந்து இறங்கியிருந்தன.

இதே கேபிளை முன்பு ஒருவர் மல்ற்றிமீற்றரால் சோதித்து "நல்லது" என்று சொல்லியிருந்தார். அவர் பொய் சொல்லவில்லை. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மீற்றர் பீப் அடிக்கத்தான் செய்யும், பற்றறி மின்னோட்டத்துக்கு இரண்டு இழை மிஞ்சியிருந்தாலே போதும். 156 மெகாஹேர்ட்ஸ் அலை கம்பியின் மேற்தோலில் ஓடுவது. தோல் கறுத்தால் பாதை கெட்டது. பீப் சத்தத்தை நம்பிக் கேபிளைத் தேற்றுவதே இந்த வேலையில் அதிகம் நடக்கும் தவறு.

எப்படி அளந்தார்கள்

மாற்றம் ஒவ்வொன்றையும் தனித்தனியே செய்து, ஒவ்வொன்றுக்கும் பின் ஒரே சோதனை. 5 வாற் கைக்கருவியோடு ஒரு பைபர் படகு கரையிலிருந்து 4, 8, 12, 16 கிலோமீற்றரில் ஜீ.பீ.எஸ். பார்த்து நிற்கும். அழைப்பு அலைவரிசையை நிரப்பாமல் வேலை அலைவரிசையில், ஒன்று முதல் இருபது வரை மாற்றி அடுக்கிய இருபது எண்களை வாசிக்கும். அறையில் இருப்பவர் கேட்டதை எழுதுவார். எத்தனை எண் சரி என்பதே மதிப்பெண். "நல்லாக் கேட்குது" என்ற சொல்லுக்கு இதில் இடமில்லை.

இரண்டாவது அளவுகோலுக்குச் செலவே இல்லை. வாணிபக் கப்பல்கள் ஏ.ஐ.எஸ். முறையில் தம் இடத்தைத் தாமே 161.975, 162.025 மெகாஹேர்ட்ஸில் அறிவித்துக்கொண்டே போகும். மடிக்கணினியில் செருகி வானொலி அலைகளைப் பிடிக்கும் ஒரு எஸ்.டி.ஆர். டொங்கிளை அதே கேபிளில் மாட்டினால், எந்தத் தூரத்துக் கப்பல்வரை பிடிபடுகிறது என்பது வரைபடத்தில் தெரியும். அலைவரிசை 16க்கு மிகக் கிட்டிய அலை என்பதால் ஒப்பீடும் பொருந்தும். ஓர் எச்சரிக்கை: காற்றில்லாத சில இரவுகளில் கடலுக்கு மேலே உருவாகும் காற்றடுக்குகள் அலையைக் குழாய்போல் வளைத்துக் கொண்டுபோகும். அன்று நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் தள்ளிப் போகும் கப்பலும் வரும். அந்த இரவுகளைக் கணக்கில் சேர்க்கவில்லை.

தொடக்க நிலை இது: 4 கிலோமீற்றரில் இருபதுக்கு இருபது, 8இல் பாதி, 12இல் ஒன்றும் இல்லை. பொழுதுபட்ட பின் 8இலும் இல்லை.

எடுத்த தீர்மானங்கள், எடுத்த ஒழுங்கில்

முதலில் இரைச்சல். கேபிளுக்குப் பணம் செலவழிக்குமுன் ஸ்கானரை 12 வோல்ற் பற்றறியில் ஓடவிட்டு, அறையின் பிரதான சுவிச்சை நிறுத்தினார்கள். இரைச்சலை அடக்கும் ஸ்குவெல்ச்சை முழுக்கத் திறந்து கேட்டபோது உறுமல் சட்டென்று தணிந்தது. பிறகு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்ததில் பிடிபட்டவை மூன்று: மலிவான எல்.ஈ.டி. குழல்விளக்கு, ஒரு தொலைபேசிச் சார்ஜர், ஸ்கானரோடு வந்த மின்சார அடப்ரரே. இரவில் கேட்காமல் போனதற்கு விளக்குத்தான் காரணம். விளக்கு மாற்றப்பட்டது, சார்ஜர் வெளியேறியது, ஸ்கானர் பற்றறிக்கு மாறியது. சோதனையில் இரவும் பகலும் சமமாயின. 8 கிலோமீற்றரில் பாதி என்பது மட்டும் அப்படியே நின்றது.

நண்பகலில் வேறொரு இரைச்சல் மிஞ்சியது. பக்கத்துக் கடையின் கூரையில் சூரிய மின்தகடு, சுவரில் அதன் இன்வேட்டர். அது அடுத்தவர் சொத்து. செய்யக்கூடியது அன்ரனாவை அதிலிருந்து விலக்குவது மட்டுமே. பின்னர் நட்ட அன்ரனாக் கம்பம் அறையின் கடற்பக்க மூலைக்குப் போனது அதனால்தான்.

இரண்டாவது கேபிள். இங்கே விவாதம் நடந்தது. 100 மீற்றருக்கான இழப்பில் தடித்த ஆர்.ஜி. 213 ஏறத்தாழ 9 டெசிபல், எல்.எம்.ஆர். 400 வகை 5. டிஷ் ரீவிக்குப் போடும் ஆர்.ஜி. 6 ஏறத்தாழ 8. எல்.எம்.ஆர். சிறந்தது, ஆனால் கொழும்பிலிருந்து வரவழைக்க வேண்டும், கொனெக்ரரும் தனி. ஆர்.ஜி. 6க்கு எதிராகச் சொல்லப்பட்டது, அதன் மின்மறுப்பு 75 ஓம், ஸ்கானருடையது 50 ஓம் என்பது. கேட்பதற்கு மட்டும் உள்ள கருவியில் இந்தப் பொருத்தமின்மையால் போவது 0.2 டெசிபலுக்கும் குறைவு. பேசும் கருவிக்கு இதே துணிவைக் காட்டக் கூடாது. சன்னல் வழியாக நேராக இறக்கியதில் நீளம் 18 மீற்றராகக் குறைந்தது, இழப்பு 1.4 டெசிபல். முன்பு நாலில் ஒன்றுகூட வரவில்லை, இப்போது பத்தில் ஏழு பங்கு வருகிறது.

ஆர்.ஜி. 6இன் உண்மையான குறை வேறு. அதன் பின்னல் அலுமினியம். கடற்கரையில் அது வேகமாகப் பொடியும், ஈயமும் ஒட்டாது. ஆகவே அழுத்திப் பொருத்தும் எப் கொனெக்ரர்தான் போட வேண்டும். இரண்டு வருடத்துக்கொருமுறை முழுக் கேபிளையும் மாற்றுவது என்று அப்போதே முடிவாயிற்று. ஊரில் கிடைக்கும் பொருள் என்றால்தான் அப்படி ஒரு முடிவு எடுக்கலாம். ஸ்பிளிற்றரும் பழைய கேபிளும் போனபின், அதே கிடை ரீவி அன்ரனாவோடு 8 கிலோமீற்றரில் இருபதும் சரி, 12இல் சில எண்கள்.

மூன்றாவது அன்ரனா. பல அலைவரிசை கேட்போர் விரும்பும் டிஸ்கோன் இங்கே வேண்டாம் என்று முடிவானது. அது எல்லாவற்றையும் பிடிக்கும், எப்.எம்.மையும் சேர்த்து. இந்த அறைக்குத் தேவை ஒரே பட்டை. கால் அலை நீள கிரவுண்ட் பிளேன் போதும், அதைச் சைக்கிள் கடை மேசையிலேயே செய்யலாம்.

கணக்கு: 300ஐ 156.8ஆல் வகுக்க அலைநீளம் 1.913 மீற்றர். அதில் கால்பங்கு 478 மில்லிமீற்றர். கம்பியின் தடிப்பும் நுனி விளைவும் கருதி ஐந்து வீதம் குறைக்க 455. நிமிர்ந்த கம்பி அந்த நீளம், கீழே நான்கு கால்கள் ஒவ்வொன்றும் 480. பொருள் 3 மில்லிமீற்றர் பித்தளைக் கம்பி, வெல்டிங் கடையில் கிடைப்பது. அடித்தளம் எஸ்.ஓ. 239 சொக்கெற், நான்கு மூலைத் துளையிலும் துருப்பிடிக்காத எம் 3 ஆணி. கால்களைக் கிடையாக விட்டால் மின்மறுப்பு 36 ஓம் அளவில் நிற்கும், 45 பாகை கீழே வளைத்தால் 50க்குக் கிட்ட வரும். நுனி ஒவ்வொன்றையும் சிறு வளையமாக மடக்கினார்கள். கம்பத்தைச் சாய்க்கும்போது அது கண்ணுயரத்துக்கு வரும்.

இதில் கவனிக்க இரண்டு. சொக்கெற்றின் நடுக்காப்பு வெள்ளை டெஃப்லோனாக இருக்க வேண்டும். மலிவான பழுப்பு நிறப் பிளாஸ்ரிக், ஈயம் பற்றவைக்கும் கோலின் சூட்டில் இளகி, நடு ஊசி சாய்ந்துவிட்டது. முதல் சொக்கெற் இப்படித்தான் வீணானது. அடுத்தது, நடு ஊசியைச் சுற்றி அடைக்கும் சிலிக்கன். புளித்த வினாகிரி மணம் வீசும் சிலிக்கன் காயும்போது அமிலம் விடும், செம்பையும் பித்தளையையும் அரிக்கும். மணமற்ற நடுநிலை வகைதான் வேண்டும்.

அதே 5 மீற்றர் உயரத்தில், ரீவி அன்ரனா இருந்த இடத்தில், இது பொருத்தப்பட்டது. 12 கிலோமீற்றரில் இருபதுக்குப் பதினெட்டு. 16இல் யாரோ பேசுகிறார்கள் என்று மட்டும் தெரிந்தது.

கடைசியாக உயரம். வீ.எச்.எப். பார்வைக்கோட்டில் போவது. இரு அன்ரனாக்களின் உயரத்தையும் மீற்றரில் எடுத்து, தனித்தனியே வர்க்கமூலம் கண்டு கூட்டி, 4.12ஆல் பெருக்கினால் வானொலி அடிவானம் கிலோமீற்றரில் வரும். படகில் உட்கார்ந்தபடி பிடித்த கைக்கருவி 1.5 மீற்றர், கூரை 5 மீற்றர் என்றால் 14. கம்பம் 11 மீற்றர் என்றால் 18.7. அதாவது 16 கிலோமீற்றர் படகு கூரை அன்ரனாவுக்கு அடிவானத்துக்குக் கீழே இருந்தது. எந்தக் கேபிளும் அதைத் தூக்கிக் கொடுக்காது.

ஒன்றரை அங்குல ஜீ.ஐ. குழாய் இரண்டு நீளம், நடுவில் இணைப்பு, முக்கால் உயரத்தில் மூன்று திசையில் இழுகயிறு. கயிறு கட்டுவதில் மீனவருக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை. கம்பம் நின்றபின் 12இல் இருபதும், 16இல் பதினைந்தும் கிடைத்தன. சாதாரண நாட்களில் 20 கிலோமீற்றரோடு நின்ற கப்பல்கள் 35, 40 வரை வரைபடத்தில் தெரிந்தன. நண்பகல் இரைச்சலும் தணிந்தது.

இடி மின்னலுக்கான ஏற்பாடு

கிழக்கில் மாரி தொடங்குமுன் பிற்பகல் இடி கடுமையாக இருக்கும். கம்பத்தின் அடியில் 1.8 மீற்றர் செம்பு பூசிய நிலக்கம்பி ஒன்றை ஈரமணல் தொடும்வரை அடித்து, தடித்த செம்புக் கம்பியால் கம்பத்தோடு பிணைத்தார்கள். கேபிள் சன்னலுக்குள் நுழையுமிடத்தில் எப் வகை நில இணைப்புக் கட்டை, அதுவும் அதே நிலக்கம்பிக்கு. இவை நேரடி இடியைத் தடுக்காது. ஆகவே முழக்கம் கேட்டால் சன்னலுக்கு வெளியே கேபிளைக் கழற்றிவிடுவது என்பது சுவரில் எழுதப்பட்டது. அவ்வேளைகளில் அறை செவிடாக இருக்கும் என்பதைச் சங்கம் தெரிந்தே ஏற்றுக்கொண்டது.

கார்த்திகையில் வந்த பின்னடைவு

வாடை தொடங்கி இரண்டாவது வாரம். 12 கிலோமீற்றர் மறுபடி உடைந்தது. இம்முறை மீற்றர் உதவியது, ஏனெனில் கிரவுண்ட் பிளேனில் நடுக்கம்பிக்கும் பின்னலுக்கும் தொடர்பே இருக்கக் கூடாது. கீழ்முனையைக் கழற்றி அளந்தால் திறந்த சுற்று என்று காட்ட வேண்டும். பழைய ரீவி அன்ரனாவில் இந்தச் சோதனை செல்லாது, அதன் பெட்டிக்குள்ளேயே இரண்டும் இணைந்திருக்கும். அன்று மீற்றர் காட்டியது 200 கிலோஓம், பார்த்துக்கொண்டிருக்கவே குறைந்தது. மேலே நீர் இறங்கியிருக்கிறது.

கம்பத்தைச் சாய்த்துப் பார்த்தார்கள். எப் கொனெக்ரரிலிருந்து எஸ்.ஓ. 239க்குப் போகும் அடப்ரரின் மேல் சாதாரண பீ.வீ.சீ. ரேப் சுற்றப்பட்டிருந்தது. கச்சான் காற்றுக் காலத்து வெயிலில் அதன் பசை இளகி, விளிம்பு நாக்குப்போல் உரிந்து நின்றது. சுற்றிய திசையும் தவறு, மேலிருந்து கீழாக. அப்படிச் சுற்றினால் ஒவ்வொரு மடிப்பும் நீரை ஏந்தும் வாய். ஓடு வேய்வதுபோல் கீழிருந்து மேலே சுற்றினால் மேல்மடிப்பு கீழ்மடிப்பை மூடும். அடப்ரரைத் திருகியதும் உள்ளிருந்து தண்ணீர் சொட்டியது.

40 சென்ரிமீற்றர் கேபிள் வெட்டி எறியப்பட்டது. புதிய கொனெக்ரர், தன்னோடு தானே ஒட்டும் இறப்பர் ரேப்பை இரு மடங்கு நீளம் வருமளவு இழுத்துச் சுற்று, அதன்மேல் வெயிலைத் தாங்க பீ.வீ.சீ. ரேப். வெட்டியதில் கேபிள் கட்டையாகி, சன்னலருகே நீர் சொட்டிவிழ விட்டிருந்த வளைவு நேராகிப்போனது. மழைநீர் கேபிள் வழியே நேரே அறைக்குள் வந்தது. இரண்டு நாள் கழித்து மேசை நனைந்த பிறகே அது கவனத்துக்கு வந்தது. கேபிள் முழுதாக மாற்றப்பட்டது. அதற்குப் பின் தை முடியும்வரை மாதமொருமுறை அளந்ததில் மீற்றர் திறந்த சுற்றிலேயே நின்றது.

தீராதது

கோணேசர் கோயில் நிற்கும் சுவாமிமலைப் பாறைக்கு அப்பால், டச்சுக் குடாவிலும் கொட்டியாரக் குடாவுக்குள் மூதூர்ப் பக்கத்திலும் நிற்கும் படகுகள் கடைசிவரை மங்கலாகவே இருந்தன. இன்னும் உயர்ந்த கம்பம், திசை பார்க்கும் யாகி அன்ரனா இரண்டும் பேசப்பட்டுக் கைவிடப்பட்டன. யாகியைத் தெற்கே திருப்பினால் வடக்கே நிலாவெளி, குச்சவெளிப் பக்கம் குறையும், பாறை அப்படியே நிற்கும். பதிலாக, கொட்டியாரக் குடாவின் உட்பக்கக் கரையில் உள்ள இன்னொரு சங்கத்தோடு பேசி, அங்கே கேட்கும் அழைப்பைத் தொலைபேசியில் சொல்லும் ஏற்பாடு செய்யப்பட்டது.

மறுபடி செய்வதானால்

பற்றறிச் சோதனை முதல் நாளே நடக்கும், பூஸ்ரர் வாங்குமுன். கேபிள் வாங்கும்போது ஒரு மீற்றர் மிகையாக வாங்கி, கம்பத்தின் மேல்முனையில் சுருட்டிக் கட்டப்படும். நுனி கெட்டால் வெட்டிப் போட அது இருக்கும். மேலே அடப்ரரே இல்லாதபடி, எப் சொக்கெற்றிலேயே அன்ரனாவைக் கட்டும் வழி பார்க்கப்படும். இணைப்பு ஒன்று குறைந்தால் நீர் நுழையும் வாய் ஒன்று குறையும். இருபது எண் சோதனை ஆவணியிலும் மார்கழியிலும் வருடத்துக்கு இருமுறை, அதே படகு, அதே தூரங்கள். கம்பத்தின் அடியில் ஒரு கீல் வைக்கப்படும். இப்போது அதைச் சாய்க்க ஆறு பேர் வேண்டியிருக்கிறது, வாடைக் காலத்தில் ஆறு பேரை ஒரே நேரத்தில் கரையில் பிடிப்பதுதான் பெரும்பாடு.